பத்து நாளில் ஏழு நாடு, கூடவே ஒரு குழந்தை

அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டால் முன்பெல்லாம் குழந்தைகள் தாத்தா பாட்டி ஊருக்குப் போவார்கள். இப்போது வசதி உள்ள வீடுகளில் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். போகட்டும். பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், செலவு செய்கிறார்கள். பாஸ் இருந்த தைரியத்தில் காசி வரைக்கும் போய் வந்த ரயில்வேக்காரன் நான். ஊர் சுற்றுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் கிடையாது. ஆனால் பால் மணம் மாறாத குழந்தைகளை டிசம்பர் குளிரில் கூட்டிக்கொண்டு "பத்து நாளில் ஏழு நாடு" என்று ஓடுகிறார்களே, அதில் எனக்குக் கடுமையான ஆட்சேபணை உண்டு. அதை இன்று சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த விஷயத்தில் நம்மவர்களிடம் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, "சின்னக் குழந்தையை அந்தக் குளிரில் எதற்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள்? வளர்ந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது, காசுக்குப் பிடித்த கேடு" என்று சொல்லும். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். இன்னொரு கட்சி, "போறதே ஒரு தடவை, எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடணும்" என்று சொல்லும். அது நம் பிள்ளைகள் கட்சி. பார்த்தால் எதிரும் புதிருமாகத் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே கட்சியாகத்தான் படுகிறது. இரண்டு பேர் கணக்கிலும் குழந்தை ஒரு லக்கேஜ். ஒருவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்கிறார், மற்றவர் தூக்கிக்கொண்டு ஓடு என்கிறார்.

என் கட்சி இதுதான். குளிர்காலத்தில் சின்னக் குழந்தைகளோடு ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஒரே ஊர். ஒரு நாளைக்கு ஒரே இடம். அதுவும் பகல் வெளிச்சத்தில். இதற்கு மேல் லிஸ்ட் போடுகிறவர்கள் தங்களுக்காகப் போகிறார்கள். தாராளமாகப் போகட்டும், குழந்தைக்காகப் போவதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே பேசுகிறேன். ஒரு டிசம்பரில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வியன்னாவில் எட்டு நாள் இருந்தோம். பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு மூன்று.

முதலில் கடிகாரக் கணக்கு. முப்பத்தாறு வருடம் டைம் டேபிளோடு குப்பை கொட்டியவனுக்கு அதுதானே முதலில் கண்ணில் படும்! குளிர்காலத்தில் வியன்னா நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையில் காலை ஏழு மணிக்கு எழுந்திருக்கிற குழந்தை அங்கே ராத்திரி இரண்டரைக்கு எழுந்து உட்கார்ந்து பால் கேட்கும். இங்கே ஒன்பது மணிக்குத் தூங்குகிற குழந்தைக்கு அங்கே சாயங்காலம் நாலரைக்குக் கண் சொக்கும். டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் சூரியன் காலை ஏழே முக்கால் வாக்கில் உதித்து, மாலை நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. பகல் மொத்தமே எட்டு மணி இருபது நிமிடம் போலத்தான். அதாவது, முதல் மூன்று நான்கு நாளைக்குக் குழந்தையின் உடம்பும் அந்த ஊர்ச் சூரியனும் ஒரே நேரத்தில் கடையைக் கட்டுகின்றன. இதைவிட வசதி என்ன வேண்டும்? நாலரைக்குள் அறைக்கு வந்து சூடாக ரசம் சாதம் கொடுத்தால் குழந்தை பாட்டுக்குத் தூங்கிவிடும்.

லிஸ்ட்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கிறிஸ்துமஸ் சந்தையை ராத்திரி விளக்கில்தான் பார்க்கவேண்டும் என்று ஏழு மணிக்குக் கிளம்புகிறார்கள். குழந்தையின் கணக்கில் அது ராத்திரி பதினொன்றரை. நம் ஊரில் பதினொன்றரை மணிக்குத் தூங்குகிற குழந்தையை எழுப்பி, ஐந்து சட்டை போட்டு, தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா? அங்கே மட்டும் அது எப்படி நியாயமாகிறது? இத்தனைக்கும் நகராட்சி மாளிகைக்கு முன்னால் உள்ள பெரிய சந்தையில் நாலரைக்கே இருட்டிவிடுவதால் அப்போதே விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. நாலு மணிக்குப் போய் ஐந்துக்குத் திரும்பிவிடலாம். குழந்தைகளுக்கென்று மது கலக்காத பழரசத்தைச் சூடாக்கிப் பீங்கான் குவளையில் தருகிறார்கள். கரி அடுப்பில் சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளைக் காகிதப் பொட்டலத்தில் தருகிறார்கள், நம் ஊர் வேர்க்கடலை மாதிரி. கைக்கும் சூடு, வாய்க்கும் ருசி. ஒரு மணி நேரம் போதாதா?

அடுத்தது உடை. குளிர்காலத்தில் குழந்தையோடு வெளியே கிளம்புவது ஒரு சின்னக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி. உள்ளே ஒட்டிப் பிடிக்கிற தெர்மல், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், கம்பளிச் சாக்ஸ், பூட்ஸ், குல்லாய், மஃப்ளர், கையுறை. எல்லாம் போட்டு லிஃப்ட் வரைக்கும் வந்த பிறகு "பாட்டி, உச்சா வருது" என்று குரல் கேட்கும். திரும்பவும் முதலிலிருந்து. வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் கடைக்குள்ளும் டிராமுக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள், அங்கே இதையெல்லாம் கழற்றாவிட்டால் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும். வியர்த்த உடம்போடு வெளியே வந்தால்தான் வெடவெடப்பு. ஆக, ஒரு இடத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் உடுப்பிலேயே போய்விடும். ஒரு நாளில் ஐந்து இடம் என்று லிஸ்ட் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்களா?

உடனே என் வயதுக்காரர்கள், "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், குளிர் ஆகாது" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். குளிர் ஆகாது என்றால் அந்த ஊரில் குழந்தைகளே வளர்ந்திருக்க முடியாது. பூங்காவில் தரையெல்லாம் உறைந்து கிடக்கும்போது, பஞ்சு பொதிந்த முழு உடுப்பு மாட்டிக்கொண்டு இரண்டு வயதுப் பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறி விளையாடுகிறதைப் பார்த்தேன். டென்மார்க், சுவீடன் பக்கமெல்லாம் கைக்குழந்தைகளைக் கம்பளியில் பொதிந்து, தள்ளுவண்டியோடு வாசலில் பகல் தூக்கம் போட வைப்பது இன்றும் வழக்கம். குளிரைவிட ஈரமும் களைப்பும்தான் நம் குழந்தைகளுக்குக் கெடுதல். நனைந்த கையுறை, நனைந்த சாக்ஸ், தூக்கம் கெட்ட உடம்பு. மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி பையில் இருந்து, நேரத்துக்குத் தூக்கமும் கிடைத்தால் குழந்தை நம்மைவிட நன்றாகத் தாங்குகிறது. முழங்கால் வலி என்று முனகிக்கொண்டு நடந்தது நான்தான், பேரன் அல்ல.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஊர்ச் சட்டதிட்டங்களில் குழந்தைக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே டிராமில் டிக்கெட் கிடையாது. ஷெங்கன் விசாவுக்குக்கூட ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவின் மத்திய அரசு அருங்காட்சியகங்களில் 2010 முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவச அனுமதி. நம் ரயில்வேயிலும் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, அதற்கு மேல் அரை டிக்கெட் என்று வைத்திருக்கிறோம். குழந்தை என்பது பெரியவரின் சின்ன சைஸ் இல்லை என்று எல்லா அலுவலகங்களுக்கும் தெரிந்திருக்கிறது. நாம் போடுகிற லிஸ்ட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த இலவச அனுமதியில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. காசு கொடுத்துவிட்டோமே என்று எல்லாக் கூடத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. வியன்னாவில் மரியா தெரசா மகாராணியின் சிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரட்டைப் பிறவி போல இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் நிற்கின்றன. 1889-ல் திறந்தது இயற்கை வரலாற்றுக்கு, 1891-ல் திறந்தது கலைக்கு. முதலாவதில் எங்கள் பேரன் டைனோசர் கூடத்தை விட்டு நகரவில்லை. சரி, ஒன்றரை மணி நேரம் டைனோசர்தான். உலகமே வந்து பார்க்கிற வில்லன்டார்ஃப் பெண் சிலை, ஏறக்குறைய முப்பதாயிரம் வருடத்துக்கு முந்தையது, பதினொரு சென்டிமீட்டர் உயரம்தான், அதே கட்டடத்தில் இருக்கிறது. அதை மருமகள் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருவர் குழந்தையோடு இருக்க, ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் என்ன கஷ்டம்?

எதிர்க் கட்டடத்தில் ப்ரூகல் என்ற பழைய ஓவியரின் படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று 1560-ல் வரைந்த 'குழந்தை விளையாட்டுகள்'. ஒரே படத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பது வகை விளையாட்டுக்கு மேல். பம்பரம் விடுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறார்கள். இடது பக்க மூலையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஆட்டு எலும்பை வைத்து ஆடுகிறார்கள். அப்படியே நம் அஞ்சாங்கல்தான். என் மனைவி அதைக் கண்டுபிடித்துப் பேத்திக்குக் காட்ட, இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்று விளையாட்டுகளை எண்ணினார்கள். முப்பத்தொன்று வரைக்கும் எண்ணினார்கள். அன்றைக்கு வேறு ஒரு படமும் பார்க்கவில்லை. நஷ்டமா? அந்த மாளிகை முழுவதையும் முக்கால் மணி நேரத்தில் சுற்றி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கூட்டமாகச் சுற்றுலா போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வியன்னாவில் ஷோன்ப்ரூன் அரண்மனைக்குப் போவார்கள். அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஆறு வயது மொசார்ட் 1762-ஆம் வருடம் அக்டோபரில் மகாராணி மரியா தெரசாவுக்கு முன்னால் பியானோ மாதிரியான வாத்தியம் வாசித்துக் காட்டி, பிறகு ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டானாம். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கதையின் மிச்சத்தை நான் சொல்கிறேன். வாசித்த அடுத்த வாரமே அந்தக் குழந்தை காய்ச்சல் கண்டு படுத்துவிட்டது. இரண்டு வாரம் போல வெளியே வர முடியவில்லை. அப்பா லியோபோல்ட், பிள்ளையையும் பதினோரு வயதுப் பெண்ணையும் செப்டம்பரில் சால்ஸ்பர்க்கிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தவர், ஜனவரியில்தான் ஊர் திரும்பினார். அத்தோடும் விடவில்லை. 1763-ல் மறுபடி கிளம்பி மூன்றரை வருடம் ஐரோப்பா முழுக்க அழைத்துக்கொண்டு சுற்றினார். வழியில் இரண்டு குழந்தைகளும் மாற்றி மாற்றி நோய்வாய்ப்பட்டன. 1767-ல் மறுபடி வியன்னா; அந்தத் தடவை இரண்டு பேருக்கும் அம்மை வார்த்தது.

"அப்படி அலைந்ததால்தானே மொசார்ட் மொசார்ட் ஆனார்" என்று ஒரு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். இருக்கலாம். லியோபோல்டுக்குப் பிள்ளையின் வித்தையை ராஜாக்களுக்குக் காட்டிப் பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு என்ன நிர்ப்பந்தம்? யாருக்கு எதைக் காட்ட ஓடுகிறார்கள்? ஃபேமிலி குரூப்பில் போட்டோ போட ஓடுகிறார்கள், வேறென்ன!

அதே அரண்மனை முற்றத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு கூட்டம், பேச்சிலிருந்து நம் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று தெரிந்தது. கொடி பிடித்த வழிகாட்டி, "டென் மினிட்ஸ், டென் மினிட்ஸ்" என்று கத்திக்கொண்டிருந்தார். நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, மூக்கு சிவந்து, கையுறை ஒன்று காணாமல் போய், அந்தக் கையை அக்குளில் வைத்துக்கொண்டு அழுகிறது. அப்பா குனிந்து, "ஒரே ஒரு போட்டோ கண்ணு, சிரி, சிரிச்சா சாக்லேட்" என்று கெஞ்சுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாவம், அவர் கண்ணிலும் மூன்று நாள் தூக்கம் இல்லை. அன்று காலையில் புடாபெஸ்டிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள், ராத்திரி பிராக் போகவேண்டும் என்றார். ஆகமொத்தம், பகல் வெளிச்சம் இருக்கிற எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைப் பஸ் ஜன்னல் வழியாகவே அந்தக் குழந்தை பார்த்து முடித்திருக்கும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த முற்றத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உலகத்தில் இன்றும் நடந்துகொண்டிருக்கிற மிருகக்காட்சி சாலைகளில் மிகப் பழையது இருக்கிறது. 1752-ல் ஆரம்பித்தது. குளிர்காலத்திலும் திறந்திருக்கும். பெங்குவினும் பனிக்கரடியும் அந்தக் குளிரில்தான் உற்சாகமாக இருக்கின்றன. பக்கத்திலேயே 1882-ல் கட்டிய கண்ணாடிப் பனைவீடு. உள்ளே போனால் நம் ஊர் மாதிரி கதகதப்பு, பச்சைப் பசேலென்று செடிகள். கை விறைத்த குழந்தையை அங்கே பத்து நிமிடம் உட்கார வைத்திருந்தால் தானாகவே சிரித்திருக்கும், சாக்லேட் இல்லாமலே.

"இத்தனை லட்சம் செலவு செய்து போய் ரூமில் உட்காரவா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். லட்சத்தில் பெரும்பகுதி விமானத்துக்கும் ஓட்டலுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. குழந்தையை ஓட வைத்தால் அது திரும்பி வராது. ஆனால் ஊருக்கு ஊர் மாறாமல் ஒரே இடத்தில் சமையலறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் செலவும் குறையும். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தயிர், பால், கேரட் எல்லாம் கிடைக்கிறது. தயிர்சாதம் கிடைக்கிற வீட்டில் குழந்தை சமாதானமாக இருக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். 24-ஆம் தேதி மதியத்தோடு கடையைச் சாத்தினால் 25, 26 இரண்டும் விடுமுறை. பாலும் வாழைப்பழமும் டயப்பரும் முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும். பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவர்கள் இந்த இரண்டு நாளில் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பல சந்தைகளும் மூட்டை கட்டிவிடுகின்றன. லீவு விட்ட பிறகு கிளம்புகிற நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரும்பாலும் அதன் கடைசி நாட்களைத்தான் பார்க்க முடியும்.

சினிமாவில் வருகிற மாதிரி பனி கொட்டும் என்ற ஆசையோடும் போகாதீர்கள். வியன்னாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நல்ல பனி விழுவது அபூர்வம். எங்களுக்கும் விழவில்லை. ஆனால் பூங்காவில் ஒரு சின்னக் குட்டைத் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. பேரன் பூட்ஸ் காலால் அதை மிதித்து உடைத்தான். 'கர்ர்க்' என்று சத்தம். அவ்வளவுதான், அரை மணி நேரம் ஒவ்வொரு குட்டையாகத் தேடித் தேடி உடைத்தான். பேத்தியோ இலை உதிர்ந்த மரங்களைப் பார்த்து, "தாத்தா, இங்கே மரமெல்லாம் செத்துப் போச்சா?" என்றாள். இல்லையம்மா, தூங்குகிறது, சித்திரை வாக்கில் எழுந்துவிடும் என்றேன். அதற்குப் பிறகு வழியில் ஒவ்வொரு மரத்துக்கும் "உஷ்" சொல்லிக்கொண்டே வந்தாள். இதெல்லாம் எந்த லிஸ்ட்டிலும் இல்லை. மகன் கையில் இருந்த லிஸ்ட்டில் பதினாலு இடம். நாங்கள் பார்த்தது ஆறு.

கடைசியாக, "ஞாபகம் இருக்காது" கட்சிக்கு ஒரு வார்த்தை. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோமே, எந்தக் குழந்தைக்கு அது ஞாபகம் இருக்கிறது? ஞாபகம் இருக்காது என்று செய்யாமல் விட்டோமா? தாலாட்டு ஞாபகம் இல்லை என்பதற்காகத் தாலாட்டாமல் வளர்த்தோமா? மூன்று வயதில் அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போன் இல்லாமல் எட்டு நாள் முழுக்கக் கூடவே இருந்தார்கள் என்பது குழந்தையின் உடம்பில் எங்கோ சேர்கிறது. ஆனால் அந்த எட்டு நாளும் "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று விரட்டப்பட்டிருந்தால் அதுவும் சேரும். அதுதான் என் பயம்.

இதை நம் பிள்ளைகள் படிக்கப் போவதில்லை. படிக்கிறவர்கள் நீங்கள்தான், அதனால் உங்களிடம் கேட்கிறேன். அங்கே போன பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் "சுவிட்சர்லாந்து போகலையா? பக்கத்து வீட்டுக்காரங்க பாரிஸும் சேத்துப் பாத்தாங்களே" என்று செய்தி அனுப்புகிற பெரியவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஒரு செய்தி ஒரு குழந்தையின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கும். அதை நிறுத்துங்கள். அடுத்த டிசம்பருக்கு உங்கள் மகனோ மகளோ திட்டத்தைக் காட்டும்போது எத்தனை நாடு என்று கேட்காதீர்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேளுங்கள். ஊர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். உங்களையும் கூட அழைத்தால் போய்விட்டு வாருங்கள். நாலு மணிக்குக் குழந்தையோடு அறைக்குத் திரும்புகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இளசுகள் இரண்டும் தனியாக ஒரு மணி நேரம் சந்தையைச் சுற்றிவிட்டு வரட்டும்.

மகன் முகம் சுளித்தால், ரயில்வேக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கிறார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். திட்டு வாங்கிப் பழக்கப்பட்ட டிபார்ட்மென்ட்தான்.